ஜோடி வீட்டின் இரண்டாம் பாதி

அத்தியாயம் 9

கூரை இருக்க வேண்டிய இடத்தில் வானம் இருந்தது.

வக்கீல் அண்ணாந்து பார்த்தார். பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும் பார்த்தார்.

"மழை வர்ற மாதிரி இருக்கு பாஸ். உள்ள போயிடலாமா?" என்றாள் ரேடியோ.

"உள்ளதான் இருக்கோம்."

"அதான் சந்தேகமா இருந்துச்சு."

வக்கீல் கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் அல்ல. சட்டம் படித்துவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். படிப்பு பெயராக மட்டும் ஒட்டிக்கொண்டது. ரேடியோ அவருடைய உதவியாளர். அதற்கு முன்பு பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு செய்துகொண்டிருந்தவள். மைக்கை விட்டுவிட்டாள். வாயை விடவில்லை.

அவர்கள் நின்ற இடம் போன வாரம் வரை ஒரு படுக்கையறை. தொழிற்சாலையில் கட்டிய வீடு. இந்த மாதிரி வீட்டை நீளவாக்கில் இரண்டு பாதியாகக் கட்டி, லாரியில் இழுத்து வந்து, மனையில் தூண்கள் மேல் உட்கார வைத்து, நடுவில் போல்ட் போட்டுச் சேர்ப்பார்கள். சேர்ந்த பிறகு அதற்கு ஜோடி வீடு என்று பெயர்.

போன வாரக் காற்றில் ஜோடி பிரிந்தது. சமையலறை இருந்த பாதி ஒரு கீறல் இல்லாமல் நின்றது. படுக்கையறைகள் இருந்த பாதியின் கூரையும் வெளிச்சுவர்களும் பிய்த்துக்கொண்டு போயின. தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் மேல் ஒரு சுவர் சாய்ந்தது. அவர் இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில். வீட்டைப் பொருத்திக் கொடுத்த ஃபிட்டர் லாக்கப்பில். நாளைக் காலையில் அவனைக் கோர்ட்டில் நிறுத்துவார்கள். நாளைக் காலையிலேயே புல்டோசர் வந்து மிச்ச வீட்டையும் இடிக்கும்.

ஃபிட்டரின் அக்கா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். தையல்காரி. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்க வேண்டும். வக்கீலைத் தேடிப் பிடித்தவள் அவள்தான்.

"ஏதாவது கிடைச்சுதா சார்?"

"இல்லை."

"காலையிலேர்ந்து அதையேதான் சொல்றீங்க."

"காலையிலேர்ந்து அதுதான் நிலைமை."

வக்கீலுக்கு எரிச்சலாக இருந்தது. பிய்ந்துபோன கூரையையும் சுவர்களையும் பார்த்தால் பாதி வழக்கு முடிந்துவிடும். ஆனால் அதையெல்லாம் ஆபத்து என்று சொல்லி லாரியில் அள்ளிப்போய் நொறுக்கித் தள்ளிவிட்டார்கள். யார் அள்ளச் சொன்னது என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினார். அந்த இன்னொருவர் லீவில் இருந்தார்.

மிச்சம் இருந்தது தரை, ஒரு உள்தடுப்பு, அதில் பதித்த அலமாரி, இரண்டு பாதியும் சேரும் கோட்டில் நீண்ட உத்தரம். உத்தரத்தில் ஃபிட்டர் போட்ட போல்ட்டுகள் வரிசையாக இருந்தன. வக்கீல் ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் அசைத்துப் பார்த்தார். ஒன்றுகூட அசையவில்லை.

"போல்ட் பிடிச்ச பிடியை விடலை. அதுக்கு அந்தப் பக்கம் இருந்ததுதான் கழண்டு ஓடியிருக்கு" என்றாள் ரேடியோ.

"போலீஸ் வேற மாதிரி சொல்றாங்க. அவசரத்துல கோணலா முறுக்கினான், பாரம் ஒரு பக்கமா விழுந்து கூரை பிய்ஞ்சுதுன்னு."

"அவசரம்னு எப்படித் தெரியும்?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "ரெண்டு நாள் வேலையை அவன் ஒரே நாள்ல முடிச்சுட்டான். அதைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. கேட்டா, 'ஒரு பக்கம் ஓட்டையெல்லாம் போட்டே வந்திருந்துச்சுக்கா, எனக்குப் பாதி வேலை மிச்சம், ஃபேக்டரிக்காரன் நல்லா இருக்கணும்'ங்கறான். யார் சார் இதை நம்புவாங்க?"

"நம்ப மாட்டாங்க" என்றார் வக்கீல்.

"நீங்க?"

அவர் சேதமில்லாமல் நின்ற பாதிக்குப் போனார். பின் மூலையில் இருந்த சின்னத் தகட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு, வெளித்தகட்டில் கொஞ்சத்தை நெம்பி எடுத்தார். சுவருக்குள் அடைத்திருந்த பஞ்சை விலக்கினார். உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு இரும்புப் பட்டை, கூரையிலிருந்து சுவர் வழியாகத் தரை வரை இறுக்கிக் கட்டியிருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

வக்கீல் பஞ்சை மறுபடி திணித்தார்.

"நல்ல செய்தியா பாஸ்?"

"கெட்ட செய்தி. ஃபேக்டரி ஒழுங்கா கட்டியிருக்கு."

"யாரைக் கேட்டு என் சுவரை உடைக்கிறீங்க?"

வாசலில் வீட்டுக்கார டீச்சர் நின்றாள். ஆஸ்பத்திரியில் இருப்பவர் அவளுடைய மாமனார். கையில் சாப்பாட்டுக் கூடை. அங்கிருந்து நேராக வருகிறாள்.

"உடைக்கலைம்மா. பார்த்துட்டு மூடிட்டோம்."

"அந்த ஃபிட்டருக்காகத்தானே வந்திருக்கீங்க? எங்க மாமா இனிமே நடப்பாரான்னு டாக்டரே சொல்ல மாட்டேங்கறார். நீங்க அவனைக் காப்பாத்த வந்துட்டீங்க."

அக்கா எழுந்தாள். கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

வக்கீல் உள்தடுப்பில் இருந்த சுவிட்சைக் காட்டினார். "இது எதுக்கு?"

"தெரியாது. வந்த நாள்லேர்ந்து போட்டா எதுவும் எரியாது, அணைச்சா எதுவும் அணையாது. சும்மா இருக்கு."

"எங்க அண்ணன் மாதிரி" என்றாள் ரேடியோ.

டீச்சரின் முகம் லேசாக இளகியது. ரேடியோ அந்தச் சந்தில் நுழைந்தாள். "டீச்சர், அலமாரிக் கதவுல ஏதோ ஒட்டிப் பிய்ச்ச மாதிரி இருக்கே?"

"டேப். வழியில கதவு திறந்து ஆடாம இருக்க ஒட்டி அனுப்புவாங்க. நான்தான் உரிச்சேன். சமையலறையிலயும் இருந்துச்சு."

"இங்க மட்டும் ரெண்டு தடவை ஒட்டியிருக்கீங்களா? பழுப்பா ஒரு கோடு. அதுக்கு மேல கோணலா, பளிச்சுன்னு இன்னொண்ணு."

"நான் உரிச்சது ஒண்ணுதான். பழுப்பு எப்பவும் இருந்துச்சு."

வக்கீல் சமையலறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே ஒவ்வொரு கதவிலும் ஒரே தடம். பளிச்சென்ற தடம். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரியவில்லை. புரியாததில் எரிச்சல் கூடியது.

தொழிற்சாலை சூப்பர்வைசர் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. நடந்துகொண்டே பேசினார். ஒரு நீளமான கொட்டகைக்குள் பாதி வீடுகள் வரிசையாக நின்றன. முதலில் இருந்தது வெறும் தரை, கடைசியில் இருந்தது குடிபோகத் தயார்.

"எங்க வேலை தலைகீழ் சார். மனையில கட்டுறவங்க வெளியிலேர்ந்து உள்ளே வருவாங்க. நாங்க உள்ளேர்ந்து வெளியே போவோம். முதல்ல உள்பலகை, பின்பக்கமா பசை போட்டு ஒட்டிடுவோம். அப்புறம் ஒயர், குழாய், பட்டை, பஞ்சு. கடைசியிலதான் வெளித்தகடு."

"அதான் உள்ள ஒரு திருகாணித் தலைகூடத் தெரியலையா?" என்றாள் ரேடியோ. "எங்க வீட்டுச் சுவர்ல எண்ணிப் பார்த்துக்கிட்டே தூங்கலாம்."

"எங்க வீட்ல தெரியாது. தெரிஞ்சா அது நாங்க போட்ட பலகை இல்லை."

"சுவரை மூடிட்டா யார் சரிபார்ப்பாங்க?" என்றார் வக்கீல்.

"மூடறதுக்கு முன்னாடியே ஆய்வாளர் பார்த்துடுவார். மனையில கட்டுற வீட்டை அந்தந்த ஊர் ஆபீஸ் சோதிக்கும். எங்களுக்கு நாடு முழுக்க ஒரே தரவிதி, சோதனை இங்கேயே. பாஸ் ஆனா ஒவ்வொரு பாதிக்கும் பின் மூலையில வெளிப்பக்கம் ஒரு தகடு அடிப்போம். ரெண்டு பாதிக்கும் அடுத்தடுத்த எண்."

"பறந்த பாதியோட தகடு?"

"சுவரோட நொறுங்கியிருக்கும். ஆனா நான் சத்தியம் பண்றேன். அந்த வீடு கரையோர வகுப்பு. பலமான காத்துக்குக் கட்டினது. ரெண்டு பாதியிலயும் கட்டைக்குக் கட்டை பட்டை போட்டோம். உள்நாட்டு வகுப்புன்னா பட்டை அவ்வளவு போட மாட்டோம், தேவையும் இல்லை. கரையில வைக்கிற வீட்டுல நாங்க விளையாட மாட்டோம்."

வக்கீல் அவர் கண்களைப் பார்த்தார். நம்பாமல் இருக்க முயன்று பார்த்தார். முடியவில்லை.

"நடு உத்தரத்துல போல்ட் ஓட்டை நீங்க போட்டு அனுப்புவீங்களா?"

"மாட்டோம். தரை மட்டத்துக்கு ஏத்த மாதிரி மனையில வெச்சுதான் போடணும். அது ஃபிட்டர் வேலை."

வெளியே வந்ததும் ரேடியோ அறிவிப்புக் குரலை எடுத்தாள். "பயணிகளின் கவனத்திற்கு. ஃபிட்டர் யோக்கியம். ஃபேக்டரி யோக்கியம். கூரை மட்டும் புறப்பட்டுச் சென்றுவிட்டது."

"ஃபிட்டர் யோக்கியமான்னு தெரியலை. ஓட்டை விஷயத்துல பொய் சொல்லியிருக்கான்."

"பொய் சொல்றவன் தனக்குப் பாதகமாவா சொல்வான் பாஸ்? 'கஷ்டப்பட்டு ராப்பகலா செஞ்சேன்'னு சொல்லியிருக்கலாமே."

வக்கீல் காரின் கதவைத் தேவைக்கு மேல் பலமாகச் சாத்தினார்.

வீட்டை விற்ற டீலர் சிரித்துக்கொண்டே பிறந்தவர் போல இருந்தார். ஊர் நடுவில் பெரிய மைதானம். அதில் விற்பனைக்கான வீடுகள். நுழைந்ததும் கண்ணில் படும்படி ஒரு பாதி வீடு, ஒரு நீளப் பக்கம் முழுக்கத் திறந்தபடி. உள்ளே சோபா, சாப்பாட்டு மேஜை, பிளாஸ்டிக் பழங்கள். ஒரு இடத்தில் சுவரை வெட்டிப் பஞ்சையும் ஒயரையும் வெளியே தெரியும்படி வைத்திருந்தார்கள்.

"எங்ககிட்ட ஒளிவு மறைவே கிடையாது. சுவருக்குள்ள என்ன இருக்குன்னு வாங்கறவங்களே பார்க்கட்டும்னு திறந்தே வெச்சிருக்கேன்" என்றார் டீலர். "வாங்க, ஆபீஸ்ல உக்காந்து பேசலாம்."

ஆபீஸ் ஒரு நீண்ட அறை. டீ வந்தது. ரேடியோ சுவரைத் தட்டினாள். "புது ஆபீஸா சார்?"

"வந்து கொஞ்ச நாள்தாம்மா ஆகுது. முன்னாடி தகரக் கொட்டகைதான். நல்லவேளை மாத்தினேன். போன வாரக் காத்துல பக்கத்துல இருக்கற கொட்டகையெல்லாம் போயிடுச்சு. என் ஆபீஸ் அசையலையே!"

"அந்த வீடு அசைஞ்சுதே" என்றார் வக்கீல்.

டீலர் சிரிப்பைக் கொஞ்சம் குறைத்து, வருத்தத்துக்கு இடம் விட்டார். "பாவம். நல்ல வீடு. ஃபிட்டர் சரியில்லை. நான் என்ன சார் பண்றது? நான் விக்கிறவன். கட்டினது ஃபேக்டரி, சேர்த்தது அவன்."

எல்லாக் கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. எல்லாப் பதிலும் வழவழவென்று இருந்தது. வக்கீல் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே வந்தார். நாளைக் காலை என்ற நினைப்பு செருப்பில் மாட்டிய கல் போல உறுத்திக்கொண்டே இருந்தது.

"போலாமா பாஸ்?"

அவர் திறந்த பாதி வீட்டுக்குள் ஏறினார். காரணம் எதுவும் இல்லை. போக வேறு இடம் இல்லை, அவ்வளவுதான். வாசல் பக்கத்தில் ஒரு சுவிட்ச். போட்டார். வெளியே டீலரின் பெயர்ப்பலகையின் இடது பாதியைச் சுற்றி விளக்கு எரிந்தது. பக்கத்தில் இன்னொரு சுவிட்ச்; அதற்கும் பலகைதான், அதன் வலது பாதி. ஆனால் சுவரில் இன்னும் ஒரு ஒயர்க் கற்றை நறுக்கப்பட்டு, திறந்த பக்கமாக, இல்லாத ஓர் அறையை நோக்கித் தொங்கியது.

"காட்சி வீட்டுக்கு அலங்கார விளக்கு ஜாஸ்தி. அதுக்குத் தனி சுவிட்ச்" என்றாள் ரேடியோ. சொல்லிவிட்டு நின்றாள். "பாஸ். டீச்சர் வீட்டு சுவிட்ச்."

வக்கீல் ஏற்கெனவே நாற்காலி மேல் ஏறியிருந்தார். திறந்த பக்கத்தின் உத்தரத்தில் வரிசையாக ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் மரம் வட்டமாக அழுந்தியிருந்தது. வளையம் வைத்து இறுக்கி, வருஷக்கணக்கில் பிடித்திருந்து, கழற்றிய தடம். கழற்றிய பிறகும் போகாத தடம். வக்கீல் மோதிரம் கழற்றிய தன் விரலைப் பார்க்காமல் கையைப் பையில் விட்டுக்கொண்டார்.

டீலர் படியில் வந்து நின்றார். "என்ன சார் அங்க?"

"இதோட மறுபாதி எங்கே?"

"மறுபாதியே கிடையாது. காட்டறதுக்குன்னே பாதியா கட்டி வாங்கினது."

"தனியாவே பிறந்ததுக்கு எதுக்கு போல்ட் ஓட்டை?"

டீலரின் சிரிப்பு அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் எங்கோ போய்விட்டார்.

வக்கீல் இறங்கினார். காலையிலிருந்து அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. "ஃபிட்டர் பொய் சொல்லலை. ஒரு பக்கம் ஓட்டை இருந்துச்சு. ஏன்னா அந்தப் பாதி ஏற்கெனவே ஒரு தடவை கல்யாணம் ஆனது. ஃபேக்டரியிலேர்ந்து இங்க வந்தப்போ ஒரு டேப். இங்கேர்ந்து மனைக்குப் போனப்போ இன்னொரு டேப். நடுவுல வெயில்ல நின்னு முதல் தடம் பழுப்பாயிடுச்சு. இது ஊர் நடுவுல காட்சிக்கு வெச்ச வீடு. உள்நாட்டு வகுப்பு. பட்டை இல்லாத பாதியைக் கொண்டுபோய்க் கரையோரத்துல பட்டை போட்ட பாதியோட சேர்த்துட்டீங்க. ஒரே மாடல், யாருக்கும் வித்தியாசம் தெரியலை."

"கதை நல்லா இருக்கு. நான் எதுக்கு சார் அப்படிப் பண்ணணும்?"

"வந்த பாதிக்கு வழியில அடி பட்டிருக்கும். பாலத்துல இடிச்சுதோ, மரத்துல இடிச்சுதோ. அடி பட்டா மறுபடி ஆய்வாளர் பார்த்துத்தான் விக்கணும். அதுவரைக்கும் டீச்சர் காத்திருக்க மாட்டாங்க, வேற டீலரைத் தேடுவாங்க."

"சரி" என்றார் டீலர் மெதுவாக. "அப்படியே வெச்சுக்குவோம். நீங்க சொல்ற பழைய பாதி நொறுங்கிப்போச்சு. அடிபட்ட பாதியை என்ன பண்ணேன்? அதுவும் குப்பைதானே? என்ன வெச்சு சார் பேசுவீங்க? அலமாரியில ஒட்டின டேப்பா? நாளைக்கு அந்த அலமாரியும் இருக்காது."

அவர் சொன்னது சரி. அதுதான் தாங்கவில்லை. உண்மை கைக்கு எட்டிய பிறகும் காட்ட ஒன்றுமில்லை.

ரேடியோ அங்கே இல்லை.

ஆபீஸுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "பாஸ், ஒரு நிமிஷம் உள்ள வாங்க. என் டீ ஆறிடுச்சு. அதான் சுவரை எண்ணிக்கிட்டு இருந்தேன்."

"சுவரை என்ன எண்ணுறது?"

"திருகாணியை. இந்த நீளச் சுவர்ல வரிசை வரிசையா இருக்கு. மத்த மூணு சுவர்லயும் ஒண்ணுகூட இல்லை."

வக்கீல் வாசலில் நின்றார். நீண்ட அறை. மூன்று பக்கம் வழவழப்பான, பசையில் ஒட்டிய பலகை. ஒரு பக்கம் மட்டும் பிறகு வைத்து அடைத்த சுவர். கூரையின் ஒரு மூலையில், மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் வெள்ளையான ஒட்டு. அந்த மூலைக்கு நேர் கீழேதான் அவர் டீ குடித்தார்.

அவர் ஓடவில்லை. ஆபீஸைச் சுற்றிப் பின் மூலைக்கு நடந்தார். அங்கே ஒரு விளம்பரப் பலகை மாட்டியிருந்தது, ஆள் நடமாட்டமே இல்லாத பக்கத்தில். 'புயலுக்கும் அசையாத வீடு.' ரேடியோ ஒரு ஓரத்தைப் பிடித்தாள், அவர் மறு ஓரத்தை. பலகை இறங்கியது.

பின்னால் ஒரு சின்னத் தகடு. டீச்சர் வீட்டில் நின்ற பாதியின் தகட்டுக்கு அடுத்த எண்.

டீலர் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டார். சிரிப்பு இப்போது இல்லை.

"எறிய மனசு வரலை" என்றார். "நல்ல பாதி சார் அது. ஒரு மூலைதான் நசுங்கியிருந்துச்சு."

"தெரியும்" என்றார் வக்கீல். "அதே காத்து இங்கயும்தான் அடிச்சுது. உங்க தலைக்கு மேல இருந்தது, அந்தப் பெரியவர் தலைக்கு மேல இருக்க வேண்டியது."

ரேடியோ தகட்டைப் பல கோணத்தில் போட்டோ எடுத்தாள். பிறகு ஆய்வாளர் ஆபீஸுக்கும் போலீஸுக்கும் போன் செய்து, யாரும் ஆபீஸைத் தொடக் கூடாது என்று அறிவிப்புக் குரலில் இரண்டு தடவை சொன்னாள். அது முடியும் வரை வக்கீல் தகட்டின் பக்கத்திலேயே நின்றார், அதற்குக் கால் முளைத்துவிடும் என்பது போல.

கடைசியாக அக்காவைக் கூப்பிட்டார்.

"ஏதாவது கிடைச்சுதா சார்?" குரலில் நம்பிக்கை இல்லை. பழக்கத்தில் கேட்ட கேள்வி. பின்னணியில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க தம்பி ஓட்டை இருந்துச்சுன்னு சொன்னான்ல?"

"ஆமா சார்."

"இருந்துச்சு."

மெஷின் நின்றது.